நண்பர் ஒருவர் சொன்னார்

மயிலாப்பூரில் சனிக்கிழமை காலையில் வாசல் கதவுக்கு அடியில் செருகப்படும் 'குளக்கரைக் குரல்' என்னும் இலவச வாரப் பத்திரிகையை ஜனங்கள் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்கத் தொடங்குவார்கள். முதல் பக்கத்தில் சாக்கடை, இரண்டாம் பக்கத்தில் சதாபிஷேக வாழ்த்து, மூன்றாம் பக்கத்தில் பல் டாக்டர். கடைசிப் பக்கத்தில்தான் வேதாந்தம் இருப்பார்.

வேதாந்தம் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் நந்தனம் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மந்தைவெளியில் இரண்டாம் மாடியில் ஃபிளாட். அவர் எழுதும் பத்திக்கு 'அப்படியா சேதி' என்று பெயர். உலகத்தில் எந்த விஞ்ஞானி எதைக் கண்டுபிடித்தாலும், எந்தக் கம்பெனி எந்தக் கருவியை விற்க வந்தாலும், எந்த நடிகர் எந்த மலையிலிருந்து குதித்தாலும், அந்த வாரமே அதைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிடுவார். அந்த நாலு வார்த்தையும் சுமார்தான். உண்மையைச் சொல்ல நமக்கென்ன பயம்? மனிதர் தகவலைச் சரியாகத் தருவார். குறும்பு அவருக்கு வராது. ஆனால் ஒவ்வொரு சேதியின் முடிவிலும், 'இதைக் கேட்டு நண்பர் ஒருவர் சொன்னார்' என்று ஒரு வரி வரும். ஊர் சிரித்ததெல்லாம் அந்த வரிக்குத்தான்.

டிரைவர் இல்லாத கார் வரப்போகிறது என்று சேதி வந்தபோது நண்பர் சொன்னார்: 'லஸ் கார்னரில் நேற்று இருந்த ரோடு இன்று இல்லை. அந்தக் கார் யாரை வழி கேட்கும்?' மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளத்தைச் சுற்றிச் சுற்றி வந்து நொந்து போயிருந்த ஜனங்கள் இதை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். காப்பி இதயத்துக்கு நல்லது என்று புது ஆராய்ச்சி வந்தபோது, 'போன மாசம் கெடுதல், இந்த மாசம் நல்லது. ஆராய்ச்சி பண்ணுகிறவர் வீட்டில் காப்பிப்பொடி வாங்கியாகிவிட்டது போலிருக்கிறது' என்றார் நண்பர். ஒரு படத்தில் கதாநாயகன் நடந்து வருவதை மட்டுமே ஏகப்பட்ட நேரம் காட்டுகிறார்கள் என்ற விமரிசனத்துக்கு அவர் சொன்னது: 'இந்த நடை நடந்தால் அந்தப் பிள்ளை எந்த பஸ்ஸைப் பிடிக்கும்?'

இந்த நண்பர் வேறு யாருமில்லை. வேதாந்தத்தின் சகதர்மிணி ஜானு.

காலைக் காப்பிக்குப் பிறகு வேதாந்தம் சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தினசரியை உரக்கப் படிப்பார். கல்யாணமான நாளிலிருந்தே இருக்கிற வழக்கம் அது. ஜானு அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பில் ஏதாவது செய்துகொண்டிருப்பாள். சில சேதிகளுக்கு 'ம்' என்பாள். சிலவற்றுக்குத் திரும்பாமலேயே ஒரு வார்த்தை சொல்வாள். சொன்னதும் மறந்துவிடுவாள். வேதாந்தத்துக்குத்தான் மறந்துவிடுமோ என்று பயம். உடனே எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அதைச் செல்போனில் தட்டி வைப்பார். ஒரே காலையில் இவர் அடிக்கடி இப்படி எழுந்து ஓடுவதைப் பார்த்த ஜானு, மனுஷருக்கு வயிறு சரியில்லை என்று முடிவு கட்டி, ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். பத்திரிகை தொடங்கிய நாளிலிருந்து வேதாந்தம் ஓமத்தண்ணீர் குடித்து வருகிறார். புகழுக்கு என்று ஒரு விலை உண்டு.

முதல் தடவை அவர் 'என் மனைவி சொன்னாள்' என்றுதான் எழுதினார். பிறகு பூங்காவில் தன்னோடு நடக்கிறவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. இவருக்கு ஜோக்குகூட ஆத்துக்காரி கொடுத்தனுப்புகிறாள் என்று சிரிப்பார்களே என்று கூச்சமாகிவிட்டது. அதை அடித்து 'நண்பர்' என்று போட்டார். மனைவி என்பவளும் நண்பர்தானே என்று ஒரு சமாதானம். திருடுகிறவனுக்குச் சமாதானத்துக்கா பஞ்சம்?

ஜானுவுக்கு இது தெரியாமல் பார்த்துக்கொள்வது பெரும்பாடாக இருந்தது. சனிக்கிழமை விடிந்ததும் பத்திரிகையை அவரே பொறுக்கி எடுத்துக்கொள்வார். 'இந்த வாரம் என்ன எழுதியிருக்கேள்' என்று அவள் கேட்டால் அவரே படித்துக் காட்டுவார், நண்பர் சொன்ன வரிகளை மட்டும் விட்டுவிட்டு. அதைக் கேட்டுவிட்டு அவள், உப்புப் போட மறந்த மாதிரி இருக்கிறதே, இதைப் படித்தா ஜனங்கள் சிரிக்கிறார்கள் என்று வருத்தத்தோடு கேட்பாள். உப்பே அவள்தான் என்று எப்படிச் சொல்வது?

தெரிந்துவிட்டால் என்ன, கொன்றா விடுவாள் என்று கேட்பவர்களுக்கு ஜானுவைத் தெரியாது. ஒரு சமயம் வேதாந்தத்தின் தமக்கை ஒரு கல்யாணத்தில், முந்தின நாள் ஜானு சொன்ன ஒரு வேடிக்கையைத் தன் சொந்தச் சரக்கு மாதிரி எடுத்துவிட்டு, பந்தலையே சிரிக்க வைத்தாள். ஜானு சண்டை போடவில்லை. அன்றிலிருந்து அந்த நாத்தனார் எதிரில் 'வாங்கோ, சாப்பிடுங்கோ, போயிட்டு வாங்கோ' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஏன் என்று கேட்டதற்கு, 'கொடியிலிருந்து துணியை எடுத்துண்டு போறவா இருந்தா, கொடியில துணி போடாம இருக்கணும்' என்றாள். இது வேதாந்தத்துக்கு அடிக்கடி ஞாபகம் வரும். அவள் வாயை மூடிவிட்டால் பத்தி போய்விடும் என்பதுதான் தன் பயம் என்று அப்போதெல்லாம் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்படி இருக்கையில் தனபாலன் போன் செய்தார். தனபாலன்தான் 'குளக்கரைக் குர'லின் ஆசிரியர், நிருபர், விளம்பரம் பிடிப்பவர், ஸ்கூட்டரில் கட்டுக் கட்டாகப் பத்திரிகை கொண்டு போடுபவர் எல்லாம். பத்திரிகையின் ஆண்டு விழா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லஸ் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடக்கப்போகிறது. பத்திரிகையில் பிடித்தது எது என்று வாசகர்களிடம் வாட்ஸப்பில் கேட்டதில் நண்பர் முதல் இடம்.

"நான் எத்தனாவது?" என்று கேட்டார் வேதாந்தம்.

"நீங்க சுடோகுவுக்கு அடுத்து சார்," என்றார் தனபாலன்.

விழாவில் நண்பரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்த வேண்டும், பாண்டி பஜார் பாத்திரக்கடைக்காரர் ஒரு பிரஷர் குக்கர் தருகிறார், நண்பர் இந்த வாரச் சேதிகளைப் பற்றி நேரிலேயே நாலு வார்த்தை பேச வேண்டும் என்றார் தனபாலன். நண்பர் கூச்ச சுபாவம் என்றார் வேதாந்தம். வெளியூர் போயிருக்கிறார் என்றார். தொண்டை கட்டியிருக்கிறது என்றும் சொல்லிப் பார்த்தார். வெளியூரில் இருப்பவருக்குத் தொண்டை கட்டினது இவருக்கு எப்படித் தெரியும் என்று தனபாலன் கேட்கவில்லை. பேனர் அடித்தாகிவிட்டது என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் காலை நாகேஸ்வர ராவ் பூங்காவில் வேதாந்தம் ஷரஃபுதீனைப் பிடித்துக்கொண்டார். ஷரஃபுதீனுக்குக் கச்சேரி ரோட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை. இரண்டு பேரும் பல வருஷமாகச் சேர்ந்து நடக்கிறவர்கள். ஷரஃபுதீன் பிறர் சொல்லும் வேடிக்கைக்கு வயிறு குலுங்கச் சிரிப்பாரே ஒழிய, தானாக ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் ஒரு விஷயத்தை அவரிடம் சொன்னால் கிணற்றில் போட்ட கல். வேதாந்தம் முழுக் கதையையும் சொல்லி, ஒரே ஒரு சாயங்காலம் நண்பராக வந்து உட்கார வேண்டும் என்று கெஞ்சினார்.

"எனுக்கு பொய் சொன்னா காது செவந்துரும் சாமி," என்றார் ஷரஃபுதீன்.

பொய்யே சொல்ல வேண்டாம், நீங்கள் எனக்கு நண்பர் இல்லையா என்று வேதாந்தம் கேட்டதும் அவர் யோசித்தார். நண்பர்தான் என்பதை மறுக்க முடியவில்லை. நான் எழுதித் தருவதை ஒப்பித்தால் போதும், வேறு யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்று வேதாந்தம் சத்தியம் செய்தார். சினேகிதத்துக்காகப் பாவம் அவர் தலையாட்டிவிட்டார்.

தனபாலன் மூன்று சேதிகளை முன்கூட்டியே அனுப்பினார். சனிக்கிழமை காலை வேதாந்தம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தார். ஜானு ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். பால் தீர்ந்துபோனால் தானே சொல்லும் ஃபிரிட்ஜ் வந்திருக்கிறது என்று படித்தார்.

"பால் இல்லேன்னு சொல்றதுக்கு ஆத்துல ஏற்கெனவே ஒருத்தர் இருக்கார். போய் வாங்கிண்டு வரதுக்குத்தான் ஆள் இல்லை," என்றாள் ஜானு.

ராத்திரி எவ்வளவு தூங்கினோம் என்று காட்டும் கைக்கடிகாரத்தைப் பற்றிப் படித்தார். அதை வாட்ச்சைக் கேட்பானேன், குறட்டைக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறவளைக் கேட்டால் கணக்கு சரியாக வரும் என்றாள். மூன்றாவது, எதைக் கேட்டாலும் பதில் சொல்லும் செயற்கை அறிவு பற்றியது. அதற்குத் தெரியாது என்று சொல்லத் தெரியாதாம். தெரியாவிட்டாலும் எதையாவது அடித்துவிடுமாம்.

"எங்க நங்கநல்லூர் அத்திம்பேர் மாதிரின்னு சொல்லுங்கோ," என்றாள் ஜானு.

வேதாந்தம் மூன்று தடவை குளியலறைக்குப் போய் வந்தார். ஓமத்தண்ணீர் தயாராக இருந்தது. குடித்துவிட்டு, எல்லாவற்றையும் ஷரஃபுதீனுக்கு அனுப்பினார். ஆத்துல என்று இருந்ததை வீட்டில் என்று மாற்றினார். பக்கத்தில் படுத்திருக்கிறவளைப் பக்கத்தில் படுத்திருப்பவர் ஆக்கினார். மனிதர் இன்ஷூரன்சில் இருந்தவரல்லவா, எதையும் சரிபார்க்காமல் அனுப்ப மாட்டார் என்றுதான் நாமும் நினைப்போம். அத்திம்பேர் அவர் கண்ணில் படவே இல்லை. அக்காள் புருஷனை அவர் பிறந்ததிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டு வருகிறார். தண்ணீர், சோறு, அத்திம்பேர் எல்லாம் அவருக்கு ஒரே பாஷை.

விழாவுக்கு ஜானு வர வேண்டியதில்லை, பாத்திரக்கடைக்காரர் பேச்சைக் கேட்டு என்ன ஆகப் போகிறது என்று சொல்லி அவளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். ஹால் நிறைந்திருந்தது. மேடையில் வேதாந்தத்துக்குப் பக்கத்தில் ஷரஃபுதீன் புதுச் சட்டையில், அசையாமல் உட்கார்ந்திருந்தார். தனபாலன் வரவேற்றார். பாத்திரக்கடைக்காரர் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேசினார். பிறகு பலத்த கைதட்டலுக்கிடையே நண்பருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஷரஃபுதீனின் காது அப்போதே லேசாகச் சிவக்கத் தொடங்கியிருந்தது.

ஃபிரிட்ஜுக்கு ஹால் இடிந்தது. கடிகாரத்துக்குப் பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். வேதாந்தம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். தனக்கே கைதட்டுகிற மாதிரி ஒரு சந்தோஷம். செயற்கை அறிவு பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று தனபாலன் கேட்டார். ஷரஃபுதீன் கண்ணை மூடிக்கொண்டு, மனப்பாடம் செய்ததில் ஓர் எழுத்துகூடச் சிந்தாமல் சொன்னார்.

"எங்க நங்கநல்லூர் அத்திம்பேர் மாதிரி."

மயிலாப்பூர் ஹாலில், பாய் ஒருவர் வாயால் அத்திம்பேர் என்று கேட்டதும் ஜனங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வேண்டுமென்றே செய்த நையாண்டி என்று நினைத்து எழுந்து நின்று கைதட்டினார்கள். வேதாந்தத்துக்கு வயிறு இறங்கியது, இந்தத் தடவை உண்மையாகவே. அந்தக் கூட்டத்தில் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி ஷரஃபுதீனின் மனைவி ஹாஜிரா பீ. மற்றவள் ஜானு.

ஹாஜிரா பீதான் ஜானுவுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பவள் என்பதை வேதாந்தம் அடியோடு மறந்திருந்தார். புருஷனுக்கு மேடையில் மரியாதை என்றால் எந்தப் பெண்சாதி தனியாகப் போவாள்? மத்தியானமே போன் செய்து, எங்க வீட்டுக்காரருக்குப் பொன்னாடை போடறாங்க, வந்தே ஆகணும் என்று ஜானுவைக் கையோடு அழைத்து வந்துவிட்டாள். மூன்றாம் வரிசையில் அவள் ஜானுவின் பக்கம் சாய்ந்து ஏதோ சொல்வது மேடையிலிருந்து தெரிந்தது. நங்கநல்லூரில் எங்களுக்கு யாருமே இல்லையே, எங்கள் வீட்டில் பால் வாங்குவதே இவர்தானே என்று அவள் கேட்டாளாம். இது பிற்பாடு தெரிந்தது.

ஜானு வேதாந்தத்தையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். கணக்கு ஏன் இத்தனை நாள் இடித்தது என்று இப்போது புரிந்துவிட்ட முகமாக இருந்தது அது.

சபையிலிருந்து யாராவது நண்பரை ஒரு கேள்வி கேட்கலாம் என்று தனபாலன் உற்சாகத்தில் அறிவித்துவிட்டார். வேதாந்தம் கையைக் காட்டித் தடுப்பதற்குள் ஜானு எழுந்துவிட்டாள். யாரோ மைக்கைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தார்கள்.

"புதுசா ஒரு மெஷின் வந்திருக்காம்," என்றாள் ஜானு. "ஒருத்தர் பேசினதை எடுத்து இன்னொருத்தர் வாயில வெச்சுடுமாம். பேசினவாளைக் கேக்கவும் கேக்காதாம், பேரையும் சொல்லாதாம். இதைப் பத்தி நண்பர் என்ன நினைக்கறார்?"

எழுதிக் கொடுத்ததில் இது இல்லை. ஷரஃபுதீன் ஜானுவைப் பார்த்தார், அவள் பக்கத்தில் இருந்த தன் மனைவியைப் பார்த்தார், வேதாந்தத்தைப் பார்த்தார். இரண்டு காதும் மிளகாய்ப்பழம். பொய் சொல்ல அவருக்குத் தெரியாது. சினேகிதனைக் காட்டிக்கொடுக்கவும் மனமில்லை. மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"அந்த மெஷின் மயிலாப்பூருக்கு எப்பவோ வந்துருச்சும்மா," என்றார். "பழைய மாடலு. காலைல காப்பி ஊத்தினாத்தான் ஓடும்."

ஷரஃபுதீன் தம் ஆயுளில் சொந்தமாகச் சொன்ன முதல் வேடிக்கை அதுதான். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விழா முடிந்ததும் ஹாஜிரா பீ அந்தக் குக்கரைப் பெட்டியோடு தூக்கி வந்து, ஆட்டோவில் உட்கார்ந்திருந்த ஜானுவின் மடியில் வைத்தாள். "இது உங்க வாயி சம்பாதிச்சது, அக்கா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேதாந்தத்தின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

வீட்டில் ஜானு கத்தவில்லை. சாதம் போட்டாள், மோர் ஊற்றினாள். படுக்கப் போகும்போது வேதாந்தம் தொண்டையைச் செருமிக்கொண்டு, 'ஜானு' என்று ஆரம்பித்தார். லைட்டை அணையுங்கோ என்றாள்.

மறுநாள் காலை அவர் நாற்காலியைப் போட்டுக்கொண்டு படித்தார். வானத்தில் எங்கேயோ புதுசாக ஒரு கிரகம். ஜானு 'ம்' என்றாள். பேசும் கண்ணாடி ஒன்று, முகத்தைப் பார்த்து உடம்புக்கு என்ன என்று சொல்லுமாம். 'ம்'. நடிகர் ஒருவர் ஐந்து வேஷத்தில் வரும் படம். 'ம்'. ஐந்து வேஷத்துக்கு எப்படி ஒரே 'ம்' போட முடிந்தது அவளால்? அதற்கு மறுநாளும் அப்படியே. இவர் எழுந்து குளியலறைக்கு ஓட வேண்டிய அவசியம் வரவில்லை. அவளும் ஓமத்தண்ணீர் வைப்பதை நிறுத்திவிட்டாள்.

நாத்தனாரோடு தன்னையும் சேர்த்துவிட்டாள் என்று வேதாந்தத்துக்குப் புரிந்தது. வாங்கோ, சாப்பிடுங்கோ, போயிட்டு வாங்கோ. பத்தி போய்விடுமே என்றுதான் முதலில் கவலைப்பட்டார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் தெரிந்தது, பத்தி ஒரு பொருட்டே இல்லை. இத்தனை வருஷமும் உலகத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அவர் பேப்பர் படிக்கவில்லை. அந்த முதுகு என்ன சொல்லும் என்று கேட்பதற்காகத்தான் படித்தார். அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் அந்தக் கிரகம் இருந்தால் என்ன, போனால் என்ன? அவருக்கு அழுகை வந்துவிட்டது. ஜானு பார்த்துவிடப் போகிறாள் என்று பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

புதன்கிழமை தனபாலன் பத்தியைக் கேட்டு மூன்று தடவை போன் செய்தார். வேதாந்தம் ஒரு முடிவுக்கு வந்தார். இனிமேல் நண்பர் கிடையாது; ஜானுவின் பெயரைப் போட்டுவிடுவது. பெயரைப் போடலாம், பெயருக்குக் கீழே ஏதாவது இருக்க வேண்டுமே. பெண் மதுவந்தி அமெரிக்காவிலிருந்து வந்தபோது போனில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போன செயற்கை அறிவு ஞாபகம் வந்தது. சேதிகளைப் பற்றி வேடிக்கையாக ஒரு வரி சொல் என்று அதைக் கேட்டார். அது இரண்டு கைகூப்பும் பொம்மைகளோடு, 'தமிழில் பிரபலமான நகைச்சுவை இதோ' என்று ஒன்றைச் சொன்னது. லஸ் கார்னரில் நேற்று இருந்த ரோடு இன்று இல்லை என்று அது தொடங்கியது.

வேதாந்தத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இது யார் சொன்னது? எங்கே கேட்டு எடுத்தாய்? இன்னார் சொன்னது என்று ஒரு வார்த்தை போடக் கூடாதா? வாய்விட்டே திட்டினார். திட்டிக்கொண்டே இருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தார்.

கடைசியில் தானே உட்கார்ந்து எழுதினார். துணி மடிக்கும் ரோபோ வந்திருக்கிறது என்ற சேதியை எடுத்துக்கொண்டார். ராவெல்லாம் யோசித்து ஒரு வரி கண்டுபிடித்து, அதற்கு மேல் என் மனைவி ஜானு சொன்னாள் என்று போட்டார். அனுப்பியதும் தனபாலன் கூப்பிட்டார்.

"சார், இதுல சிரிக்கற இடம் எது சார்?"

"ஹி ஹின்னு போட்டிருக்கேனே, அங்கதான்," என்றார் வேதாந்தம்.

சனிக்கிழமை காலை, இதுவரை ஒளித்து வந்த பத்திரிகையைக் கடைசிப் பக்கம் மேலே தெரியும்படி சமையலறை மேடையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஜானு அதன்மேல் கத்தரிக்காயை வைத்து நறுக்கத் தொடங்கினாள். தடுக்க வேதாந்தத்துக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அப்போது வாசல் மணி அடித்தது. மேல் வீட்டு ஷண்முகப்ரியா, ஐ.டி. கம்பெனியில் இருப்பவள். அடையாறுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் நின்று, மாமி, உங்க ஜோக் படிச்சேன், நல்லா ட்ரை பண்ணியிருக்கீங்க என்று சொல்லி, தேர்வில் தோற்ற குழந்தையைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். ஜானு கதவைச் சாத்தினாள். கத்தரிக்காயைத் தள்ளிவிட்டுப் பத்திரிகையை எடுத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். ஒரு தடவை படித்து முடித்து, நம்ப முடியாமல் இன்னொரு தடவை படித்தாள்.

"ரோபோ துணி மடிக்குமாம்," என்று அவள் உரக்க வாசித்தாள். "என் மனைவி ஜானு சொன்னாள், அப்படியானால் ரோபோவின் சட்டையை யார் மடிப்பார்கள்? ஹி ஹி." பத்திரிகையைத் தாழ்த்தினாள். "நான் சொன்னேனா இதை?"

வேதாந்தம் எழுந்து நின்றுவிட்டார். இல்லை என்றார். நீ பேசவில்லை, அதனால் நானே எழுதினேன் என்றார். இத்தனை நாள் உன்னுடையதை என்னுடையது மாதிரி போட்டேன், அது தப்பு, அதனால்தான் இப்போது என்னுடையதை உன் பேரில் போட்டேன் என்றார். சொல்லும்போதே அதிலிருந்த நியாயம் அவருக்கே விளங்கவில்லை.

"நல்லதையெல்லாம் எவனோ நண்பன் சொன்னான். இந்த அசட்டுத்தனத்துக்கு மட்டும் என் பேரா?" ஜானுவின் குரல் உயர்ந்தது. "ஹி ஹி வேற. என்னிக்காவது நான் ஹி ஹின்னு சிரிச்சு நீங்க பார்த்திருக்கேளா? ஊர்ல என்னைப் பத்தி என்ன நினைப்பா? ஹாஜிரா என்ன நினைப்பா? சட்டை போட்டுண்டு வருமா ரோபோ? அதுகூட யோசிக்க வேண்டாமா?"

திட்டு விழ விழ வேதாந்தத்துக்கு உள்ளே ஏதோ இளகியது. ஒரு வாரமாக 'ம்' மட்டும் கேட்ட காதுக்கு அது தேவாமிர்தமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் திட்ட மாட்டாளா என்று இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு, தப்புதான் ஜானு, எனக்கு அது வராது, உனக்குத்தான் வரும் என்றார். இதை அவர் இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. தன்னிடமே சொல்லிக்கொண்டதில்லை.

ஜானு கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பத்திரிகையை அவரிடம் நீட்டினாள்.

"அந்த ரோபோ சமாசாரத்தைப் படிங்கோ," என்றாள். "முழுசா."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து படித்தார். சட்டை, வேட்டி, புடவை எதைக் கொடுத்தாலும் பார்த்து, யோசித்து, நாலு நிமிஷத்தில் மடித்து வைத்துவிடுமாம். விலை மட்டும் கார் விலையாம். ஜானு திரும்பிக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். வேதாந்தம் அந்த முதுகைப் பார்த்தபடி மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"மடிக்கறது யார் வேணா மடிப்பா," என்றாள் ஜானு. "மழை தூத்தறதுன்னு மொட்டைமாடிக்கு ஓடுமான்னு கேளுங்கோ. ஓடாதுன்னா எனக்கு எதுக்கு அது? ஆத்துலயே ஒண்ணு இருக்கு."

வேதாந்தம் சிரித்துவிட்டார். வழக்கம்போல எழுந்து குளியலறைப் பக்கம் இரண்டு அடி வைத்தவர், நின்று, திரும்பி வந்தார்.

"இதை எழுதிக்கட்டுமா?" என்று கேட்டார்.

அவள் வாணலியில் எண்ணெய் விட்டாள். கடுகைப் போட்டு வெடிக்கவிட்டாள்.

"எழுதிக்கோங்கோ. ஜானகின்னு போடுங்கோ," என்றாள். "ஊருக்கெல்லாம் ஜானுன்னு போட்டுட்டேளே, அதுக்குத்தான் எனக்கு ரொம்பக் கோபம். அப்படி என்னைக் கூப்பிடறது நீங்க ஒருத்தர்தான்."